ஏழு மணிக்கு மணி அடிப்போம்

கன்னிவாடித் தோழர்களே! தருமத்துப்பட்டி, பன்றிமலை, ரெட்டியார்சத்திரம் பக்கமிருந்து ஒரு குரல் கொடுத்தால் வந்து நிற்கிற தோழர்களே!

பொங்கல் முடிந்தது. மார்ச்சில் பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வு. ஜனவரி 26 கிராம சபைக்கு ஒரு வாரம்கூட இல்லை. அதற்குள் ஒரு முடிவெடுத்தாக வேண்டும் என்பதால் அவசரமாக எழுதுகிறேன். வாட்சப்பில் தட்டிவிடாமல் எதற்கு இப்படி நோட்டீஸ் அடித்து வீடு வீடாகக் கொடுக்கிறான் என்று கேட்பீர்கள். படித்துப் பாருங்கள், தெரியும்.

போன மாதம் நம் தெருவில் ஒரு பெரியவர் காலமானார். பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுப் பதினேழு பேர் உட்கார்ந்திருந்தோம். பறை அடிக்கிறவர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். கொஞ்சம் அமைதி. தள்ளி நின்று பார்த்தவருக்கு எல்லாத் தலையும் துக்கத்தில் குனிந்திருப்பதாகத்தான் தோன்றியிருக்கும். திடீரென்று ஒரு போனிலிருந்து குத்துப்பாட்டு. அந்தப் பையன் பதறிப்போய்ச் சத்தத்தைக் குறைக்கப் பார்க்கிறான். விரல் மேல்பொத்தானில் பட்டு இன்னும் கூடுகிறது. ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த அந்த வீட்டு அம்மா நிமிர்ந்து பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. யாரோ வந்திருக்கிறார்கள் போல என்று பார்க்கிற மாதிரிப் பார்த்தார். நான் எண்ணிப் பார்த்தேன். பதினேழு பேரில் பதினான்கு பேர் கையில் போன் எரிந்துகொண்டிருந்தது. பதினான்காவது ஆள் நான்.

ஆகவே இது பையன்களைத் திட்டி எழுதுகிற நோட்டீஸ் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தோழர்களே, மே தினம் எதற்காகக் கொண்டாடுகிறோம்? எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் உறக்கம், மிச்சம் எட்டு மணி நேரம் நமக்கு. 1886-இல் சிகாகோத் தொழிலாளி கேட்டது அந்தக் கணக்கைத்தான். 1923-இல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் செங்கொடி ஏற்றியதும் அதற்குத்தான். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியபோது நாம் சும்மா இருந்தோமா? தமிழ்நாடே எழுந்தது. மே தினத்தன்று அதைத் திரும்பப் பெற்றதாக அறிவித்தார்கள். முதல் எட்டைக் காப்பாற்ற நமக்குத் தெரியும். மூன்றாவது எட்டு எங்கே போனது? அதை எடுத்துக்கொள்ள யாரும் மசோதா கொண்டுவரவில்லை. ராத்திரி படுக்கையில் கட்டைவிரலால் நாமே தள்ளித் தள்ளிக் கொடுத்தோம். இப்போது இரண்டாவது எட்டிலும் கை வைத்துவிட்டார்கள். பதினொன்றரைக்கு விளக்கை அணைத்த பிறகும் போர்வைக்குள் நீல வெளிச்சம். காலையில் நூறு நாள் வேலைக்குப் போகிறவரும் பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளையும் ஒரே மாதிரிக் கண் எரிச்சலோடு பஸ் ஸ்டாண்டில் நிற்கிறார்கள்.

திரை நம் ஊருக்கு வந்த கதையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பஞ்சாயத்து ரேடியோ ஊருக்கு ஒன்று. பூங்காவில் குழாய் ஒலிபெருக்கி கட்டியிருக்கும்; செய்தி, விவசாய நிகழ்ச்சி, பாட்டு, எல்லாம் எல்லாருக்கும். எண்பதுகளில் நம் தலைக்கு மேலேயே கொடைக்கானலில் ஒளிபரப்புக் கோபுரம் வந்தது. அதற்கு முன்னால் மதுரைப் பக்கம் இலங்கை ரூபவாகினி புள்ளி புள்ளியாகத் தெரிந்தாலே பெரிய சங்கதி. வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் பார்க்கத் தெருவுக்கு ஒரு வீட்டில் கூடினோம். சாதி பார்த்துத் திண்ணையோடு நிறுத்திய வீடுகளும் இருந்தன, அதையும் மறக்கவில்லை. பழைய காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. 2006-இல் இலவச வண்ணத் தொலைக்காட்சி வந்ததும் அந்தத் திண்ணை அவமானம் ஒழிந்தது. நல்ல காரியம். வீட்டுக்கு ஒன்று ஆனது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே கன்னிவாடியில் அறிவு மையம் வைத்தபோது இணையமும் முதலில் பொதுச் சொத்தாகத்தான் வந்தது. விவசாயி போய் வானிலை கேட்பார், விலை கேட்பார், எழுந்து வருவார். பிறகு 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா மலிந்தது. ஆளுக்கு ஒன்று. ஊருக்கு ஒன்றாக இருந்தபோது ஊரே சேர்ந்து கேட்டது, வீட்டுக்கு ஒன்றானபோது வீடு சேர்ந்து பார்த்தது. இப்போது ஒரே கட்டிலில் புருஷன் ஒரு பக்கம், பெண்டாட்டி ஒரு பக்கம், நடுவில் பிள்ளை, மூன்று பேருக்கும் மூன்று படம்.

இதில் யாருக்கும் மனவுறுதி குறைந்துபோகவில்லை, தோழர்களே. இயந்திரம் அப்படிச் செய்யப்பட்டிருக்கிறது. புத்தகத்துக்குக் கடைசிப் பக்கம் உண்டு. சினிமாவுக்கு ‘வணக்கம்’ உண்டு. தினத்தந்திக்குக்கூட எட்டு மடிப்போடு முடிவு உண்டு. 2006-இல் அசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர், பக்கம் முடியவே முடியாமல் கீழே கீழே வந்துகொண்டிருக்கும் ஏற்பாட்டைச் செய்தார். பின்னாளில் அவரே அதற்காக வருத்தம் தெரிவித்தார். அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களை வைத்துச் செய்த பரிசோதனை இன்னும் பழையது. கொத்தினால் ஒவ்வொரு தடவையும் தானியம் விழுந்தால் புறா பசிக்குக் கொத்திவிட்டு நிறுத்திவிடும். எப்போது விழும் என்று தெரியாமல் எப்போதாவது விழுந்தால் ஓயாமல் கொத்தும். பத்து ரீலில் எட்டு குப்பை, ஒன்று சுமார், ஒன்று அடடா! அந்த ஒன்றுக்காகத்தான் நாம் கொத்திக்கொண்டிருக்கிறோம்.

காலக்கணக்கையும் பாருங்கள். டிக்டாக்கைத் தடை செய்யச் சொல்லி உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2019 ஏப்ரலில் உத்தரவிட்டது. அதே மாதம் தடை நீங்கியது. 2020 ஜூன் 29-இல் மத்திய அரசு அதை நாடு முழுக்க நிறுத்தியது. ஒரு குழாய் அடைபட்டதும் அடுத்த வாரமே வேறு குழாய் திறந்தது. ஜூலையில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ். செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ், அதுவும் உலகத்திலேயே முதலில் இந்தியாவில் சோதித்துப் பார்த்தார்கள். பள்ளிக்கூடம் பூட்டிக்கிடந்த ஆண்டு அது. ஆன்லைன் வகுப்புக்கென்று ஆடு விற்று, நகை அடகு வைத்துப் பிள்ளை கையில் நாம் போன் வாங்கிக் கொடுத்த அதே ஆண்டு.

திரையால் மனதுக்கு என்ன கெடுதல், எவ்வளவு கெடுதல் என்று ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்னும் விவாதம் நடக்கிறது. மனம் நொந்தவர்கள் அதிகமாகப் போன் பார்க்கிறார்களா, போன் பார்த்து மனம் நோகிறதா என்பது சுலபமாகப் பிரிக்கக்கூடிய சங்கதி இல்லை. தூக்கக் கணக்கு வேறு, அதில் மழுப்ப இடமில்லை. வளர்கிற பதின்வயதுப் பிள்ளைக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் தூக்கம் வேண்டும். ராத்திரி கண்ணுக்கு நேரே வெளிச்சம் பட்டால், தூங்கும் நேரம் வந்துவிட்டது என்று உடம்புக்குச் சொல்கிற மெலடோனின் சுரப்பு தள்ளிப்போகும். தூக்கம் கெட்டால் எரிச்சல், மறதி, அழுகை, பயம், வரிசையாக வரும். அது பெரியவர்களுக்கும் அப்படித்தான். நம் சங்க வாட்சப் குழுவில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு நடக்கிற சண்டைகளை எடுத்துப் படித்துப் பாருங்கள். பாதிச் சண்டைக்குக் காரணம் கொள்கை இல்லை, தூக்கமின்மை. ஒரு தோழர் விடியற்காலை 4.45-க்கு லெனின் படத்தோடு காலை வணக்கம் போடுகிறார். லெனினே வந்தாலும் அந்த நேரத்தில் எழுப்பமாட்டார், தோழரே.

பணம் போன கதையை நான் விரித்து எழுதத் தேவையில்லை. ஆன்லைன் ரம்மியில் நம் வட்டாரத்தில் யார் யார் வண்டியை விற்றார்கள் என்று உங்களுக்கே தெரியும். அதில் நமக்கு ஒரு பாடம் இருப்பதால் சட்டத்தின் கதையைச் சொல்கிறேன். 2022-இல் நீதிபதி சந்துரு தலைமையில் குழு போட்டார்கள். அவசரச் சட்டம் வந்தது, மசோதா வந்தது, ஆளுநர் திருப்பி அனுப்பினார், சட்டமன்றம் மறுபடியும் நிறைவேற்றியது, 2023 ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. அந்த ஆண்டு நவம்பரில், ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டு என்று உயர்நீதிமன்றம் அந்த இரண்டை மட்டும் தடையிலிருந்து விடுவித்தது. அரசு விடவில்லை. சரி, தடை செய்ய முடியாவிட்டால் நேரம் குறிக்கிறேன் என்று 2025 பிப்ரவரியில் ஒரு விதி போட்டது: ராத்திரி 12 மணியிலிருந்து விடிகாலை 5 மணி வரை பணம் கட்டி ஆடும் விளையாட்டு கிடையாது. கம்பெனிகள் வழக்குப் போட்டன. ஜூன் மாதம் உயர்நீதிமன்றம் விதி செல்லும் என்றது. ஆகஸ்டில் நாடாளுமன்றமே பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டைத் தடை செய்து சட்டம் போட்டுவிட்டது. எனக்கு அந்த ஐந்து மணி நேரம்தான் பிடித்திருக்கிறது. வளர்ந்த ஆளுக்குக்கூட ‘இந்த நேரம் பூட்டு’ என்று வெளியிலிருந்து ஒரு கை வேண்டியிருக்கிறது என்று ஓர் அரசு சொல்லி, நீதிமன்றமும் ஒத்துக்கொண்டது. ஊர் ஏன் சொல்லக் கூடாது?

சொன்ன ஊர் இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் சாங்லி மாவட்டம், மோகித்யாஞ்சே வட்காவ். கொரோனாவுக்குப் பிறகு பிள்ளைகள் போனை விட்டு நிமிரவில்லை என்று அங்கேயும் அதே புலம்பல். 2022 ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி ஊர் கூடி முடிவெடுத்தது. மாலை 7 மணிக்குக் கோயில் சைரன் ஒலிக்கும். எல்லா வீட்டிலும் டி.வி.யும் போனும் அணைய வேண்டும். எட்டரைக்கு மறுபடியும் சைரன். ஊராட்சித் தலைவர் விஜய் மோஹிதே முன்னால் நின்றார். முதலில் சிரித்தார்களாம். ஆசிரியர்கள், அங்கன்வாடி ஊழியர்கள், ஆஷா பணியாளர்கள் வீடு வீடாகப் போய்ப் பேசியிருக்கிறார்கள். கரும்பு விளைகிற, நம்மைப் போன்ற விவசாய ஊர்தான் அது. அவர்களால் ஆனது, அறிவொளி இயக்கத்தில் அரிக்கேன் விளக்கைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக அலைந்த நமக்கு ஆகாதா?

ஒரு வீடு தனியாக இதைச் செய்ய முடியாது. நான் செய்து பார்த்துத் தோற்றவன். என் வீட்டில் அணைத்தால் பக்கத்து வீட்டுச் சீரியல் சுவர் தாண்டி வருகிறது; பேரன் எதிர் வீட்டுத் திண்ணைக்குப் போய்விடுகிறான். தெருவே அணைத்தால் அவன் எங்கே போவான்? எல்லாரும் ஒரே நேரத்தில் வேலையை நிறுத்தினால்தான் அது வேலைநிறுத்தம். இதை நான் உங்களுக்குச் சொல்லித்தரணுமா?

பன்றிமலை பஸ்ஸில் இறங்கி வருகிறவர்களுக்கு ஒரு வளைவு தெரியும். ஏறி உட்கார்ந்ததும் எல்லார் கையிலும் போன். அந்த வளைவு வந்ததும் சிக்னல் போய்விடும். இரண்டு நிமிடம் ஜன்னல் பக்கம் நீட்டிப் பார்ப்பார்கள், அணைத்து அணைத்துப் போடுவார்கள், பிறகு கொட்டாவி. அப்புறம் யாராவது ஆரம்பிப்பார்: “ஏண்ணே, சௌசௌ இந்த வாரம் என்ன வெலைக்குப் போச்சு?” சௌசௌவிலிருந்து மிளகு. மிளகிலிருந்து யானை எந்தக் காட்டில் நிற்கிறது. யானையிலிருந்து யார் வீட்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். பின்சீட்டிலிருந்து ஒரு பாட்டி எல்லாரையும் திருத்துவார். தருமத்துப்பட்டி நெருங்க நெருங்க டிங், டிங், டிங் என்று பஸ் முழுக்கச் சத்தம். பேச்சு பாதி வாக்கியத்தில் நிற்கும். மாப்பிள்ளை என்ன படித்திருக்கிறான் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அந்த வளைவைக் கன்னிவாடிக்குள் கொண்டுவர வேண்டும். ஒன்றரை மணி நேரம் போதும்.

விதி ஒன்றே ஒன்று: பேசலாம், பார்க்கக் கூடாது. திருப்பூர் பனியன் கம்பெனியில் இருக்கும் மகன் ஷிப்ட் முடிந்து எட்டு மணிக்குத்தான் அம்மாவைக் கூப்பிடுவான். அந்த அம்மாவிடமிருந்து போனைப் பிடுங்குகிறவன் நம் ஆளாக இருக்க முடியாது. காதில் வைத்துப் பேசட்டும். யானை இறங்கிவிட்டது என்று அடிவாரத் தோட்டத்திலிருந்து தகவல் வந்தால் அன்றைக்கு விதியே கிடையாது. பள்ளிக்கூடத்து வாட்சப் குழுவில் வீட்டுப்பாடம் ஏழு மணிக்கு மேல் வந்தால் பிள்ளை போனை எடுத்துத்தான் ஆகும். ஆகவே ஆசிரியத் தோழர்களே, ஆறு மணிக்குள் போட்டுவிடுங்கள். வீட்டுக்குள் இன்னும் இரண்டு சின்ன வேலை. சார்ஜரைப் படுக்கையறையிலிருந்து கழற்றிக் கூடத்தில் மாட்டுங்கள். ‘அலாரம் வைக்கத்தான் போன்’ என்கிறவர்கள் ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போகும்போது ஒரு மணிக்கடிகாரம் வாங்கி வாருங்கள்.

பெண் தோழர்கள் போன கூட்டத்திலேயே என்னை மடக்கினார்கள். “பகலெல்லாம் காட்டு வேலை, ஆறு மணிக்கு அடுப்படி. எங்களுக்குன்னு இருக்கிறதே அந்த ஏழு மணி சீரியல்தான். அதையும் புடுங்கினா நாங்க என்ன செய்யறது?” பதில் சொல்ல முடியாமல் நின்றேன். யோசித்துவிட்டு இப்போது சொல்கிறேன்: அந்த ஒன்றரை மணி நேரம் ஆண்கள் பாத்திரம் கழுவுகிறோம், பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறோம், ஆடு மாட்டைப் பார்த்துக்கொள்கிறோம். பெண்கள் கோயில் திடலில் உட்காருங்கள், சும்மா உட்காருங்கள். இது நடக்காவிட்டால் பெண்கள் சீரியலைப் போட்டுக்கொள்ள முழு உரிமை உண்டு. முதல் சுவிட்சை நானே போடுகிறேன். எழுத்தில் கொடுத்துவிட்டேன், பத்திரமாக வையுங்கள்.

பிள்ளைகளுக்கு முதல் வாரம் சண்டையாகத்தான் இருக்கும். போர் அடிக்குது என்று உருளும். உருளட்டும். உடனே ஒரு நிகழ்ச்சி தயாரித்து அவர்களை மகிழ்விக்க ஓடாதீர்கள். சும்மா இருக்கிற பிள்ளை தானாக ஏதாவது செய்யும். நூலகத்திலிருந்து நூறு புத்தகம் எடுத்துவந்து திடலில் பரப்பி வைப்போம், தாயக்கட்டை வைப்போம், எடுத்தால் எடுக்கட்டும். கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கு மட்டும் ஒரு வார்த்தை. இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், ஐந்து வயதுக்குள் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. நம் தெருவில் ஒன்றரை வயதுப் பாப்பா ஒன்று சுவரில் தொங்கும் தினசரி காலண்டர் முருகனை ஒற்றை விரலால் மேலே தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, படம் மாறவில்லை என்று அழுதது. எல்லாரும் சிரித்தோம். வீட்டுக்கு வந்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்னொன்று. போன் பார்க்கிற பிள்ளையை எல்லாம் அடிமை, பைத்தியம் என்று பட்டம் கட்டாதீர்கள். விளையாட்டுக் கோளாறு என்று உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் ஒன்றைச் சேர்த்திருக்கிறது, 2022-இலிருந்து நடைமுறை. அதற்குக் கணக்கு கறார்: நிறுத்த நினைத்தும் முடியாமை, மற்ற எல்லாவற்றையும் தள்ளிவிட்டு அதுவே முதலாவது, கெடுதல் தெரிந்தும் தொடர்தல், பெரும்பாலும் ஓராண்டு நீடிக்க வேண்டும். அப்படி ஒரு பிள்ளையோ பெரியவரோ உங்கள் வீட்டில் இருந்தால் மணி அடித்துச் சரியாகாது, மருத்துவம் வேண்டும். பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் 2014-இலிருந்து இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. கேரளத்தில் காவல்துறையே பிள்ளைகளுக்கு மையம் நடத்துகிறது. நமக்குக் கைக்கெட்டிய தூரத்தில் டெலி மனாஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசி உதவி, எண் 14416. தமிழில் பேசலாம், காசு கிடையாது, எந்த நேரமும் எடுப்பார்கள். மனசு இருண்டு போய், இனி என்ன இருக்கு என்று யாராவது சொல்லக் கேட்டால் அன்றைக்கே கூப்பிடுங்கள். அந்த அழைப்புக்கு ஏழு மணியும் கிடையாது, எட்டரையும் கிடையாது.

இப்போது வேலை. சுற்றியுள்ள ஊராட்சித் தோழர்கள் 26-ஆம் தேதி கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும். வாசகம் எழுதி வைத்திருக்கிறேன், வந்து வாங்கிக்கொள்ளுங்கள். கன்னிவாடி பேரூராட்சி என்பதால் நமக்குக் கிராம சபை இல்லை. வார்டுக்கு ஐம்பது கையெழுத்து வாங்கிச் செயல் அலுவலரிடம் மனுக் கொடுப்போம், சைரன் கேட்போம். கோப்பு நகர்கிறபோது நகரட்டும், அதுவரை காத்திருக்க முடியாது. அறிவொளிக் காலத்தில் ராப்பள்ளிக்கு மணியாக அடித்த தண்டவாளத் துண்டு என் வீட்டு மாட்டுக் கொட்டகையில் கிடக்கிறது. துருவைத் தேய்த்துவிட்டேன். சுத்தியலால் தட்டிப் பார்த்தேன், மூன்று தெருவுக்குக் கேட்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்குத் திடலுக்கு வாருங்கள். தெருவுக்கு இரண்டு பேர், அதில் ஒருவர் பெண். போனைப் பையிலேயே வைத்திருங்கள்.

திங்கட்கிழமை ஏழு மணிக்கு முதல் மணி. முதல் வாரம் நான் அடிக்கிறேன். இரண்டாவது வாரத்துக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. ஒரு பெயர் வேண்டும்.